தற்காலிக ஒலி

அத்தாவின் மூச்சு நின்று கால் மணி நேரம் ஆன பின்பும் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் சிறு சக்கரங்களின் மேல் நின்றபடி அது தன் வழக்கப்படி முனகியது. எட்டு நொடிக்கு ஒரு முறை ‘டக்’ என்று உள்ளே ஏதோ மாறியது. பின் காற்றை வெளியே விட்டது. குழாயின் மறுமுனை தலையணையின் மேல் கிடந்தது. அதை அத்தாவின் மூக்கிலிருந்து எடுத்துவிட்ட மகன் தௌபிக், மிஷினை நிறுத்தாமலே, பள்ளிவாசலில் தகவல் சொல்வதற்காகப் படியிறங்கிப் போயிருந்தான்.

சமரீன் எழுந்து சுவிட்சை அழுத்தினாள்.

அறையில் உண்டான அமைதியை அவள் அளந்தாள். வேண்டுமென்று அளக்கவில்லை, ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவரும் தொழில் அது. ஓர் ஒலி நின்ற பிறகு வரும் அமைதி எவ்வளவு நேரம் தாங்கும், எந்த இடத்தில் கேட்பவர் தம்மை அறியாமல் அசைவார் என்பதை நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்குவரை அவளால் சொல்ல முடியும். இந்த அமைதியில் அப்படி ஓர் இடம் வரவில்லை.

“ஏன் ஆப் பண்ணுன?” என்றாள் அம்மா.

குல்ஷன் கட்டிலின் மறுபக்கம் தரையில் அமர்ந்து, கணவரின் பாதங்களைப் போர்வைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

“ம். ஆப் பண்ணத்தான் வேணும்,” என்றாள்.

ஜன்னல் வெளுத்திருந்தது. கடைவீதியில் பால் வண்டி ஒன்று நின்று கிளம்பியது. சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ விரலால் இருமுறை தட்டினார்கள். தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் அந்தத் தட்டல் கேட்டால் பாப்பாரப்பட்டியின் அந்தப் பகுதியில் துடைப்பங்கள் நிற்கும். குழாயடியில் பேச்சு நிற்கும். பெயர் பிறகுதான் வரும். பெயர் வந்துவிட்டால் பயம் தெளிந்து துக்கம் மட்டும் எஞ்சும். பயம் முழுவதும் அந்த இரண்டு தட்டல்களுக்கும் பெயருக்கும் இடையில் இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது சமரீன் அதை இந்த ஜன்னலருகில் கண்டுபிடித்தாள். பிற்காலத்தில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

“மெத்தைக் கடை தஸ்தகீர் பாய் அவர்கள்,” என்றது ஒலிபெருக்கி.

*

கீழே கடை, மேலே வீடு. பஞ்சடிக்கும் மிஷின் கீழே ஓடும்போது மாடியின் தரை அதிரும். தஸ்தகீர் நாற்பத்தோர் ஆண்டுகள் அந்த மிஷினின் முன் நின்றார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளும்படி தௌபிக் சொன்னபோதெல்லாம், “மூஞ்சிய மூடிக்கிட்டா வாடிக்கக்காரன் திருடன்னு நெனப்பாண்டா,” என்றார். கடைசியில் சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உள்ளயே ஒரு தலகாணி தெச்சு வெச்சிருக்கீங்க பாய்,” என்றார். அத்தா அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது. இருமினால் அம்மா கட்டிலடியிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினாள். எட்டு மாதங்களாக அந்த வீட்டின் நடைமுறை இதுதான்.

சமரீன் சென்னையில் செய்யும் வேலையை ஊரில் எவருக்கும் விளக்க முடிந்ததில்லை. திரைப்படங்களின் தொடக்கத்தில் வரும் பெயர்க்காட்சியை வடிவமைப்பவள் அவள். பெரும்பாலும் திகில் படங்களுக்கு. எழுத்தின் உருவம், அது திரைக்குள் வரும் விதம், வரும் கணத்தில் ஒலிக்கும் இசை அல்லது ஒலிக்காத இசை, இவை மூன்றும் பொருந்தினால் கதை தொடங்குவதற்கு முன்பே பார்வையாளர் நாற்காலியின் கையைப் பிடித்திருப்பார். அத்தாவின் தம்பி அல்தாபுக்கு இந்த விளக்கம் போதவில்லை.

“பேர் போடறதுக்கு ஒரு வேலையா?” என்று போன பெருநாளின்போது கேட்டிருந்தார். “சுண்ணாம்படிக்கிற மாயவன்கிட்டச் சொன்னா ஒரு நாளைல போட்டுட்டுப் போறான்.”

“மாயவன் போட்டா பேரு தெரியும் சாச்சா. பயம் வராதே.”

“பயத்துக்கு வேற காசு குடுக்கிறானுங்களா? எங்க வூட்ல ஓசியிலயே கெடைக்குது,” என்று மனைவி இருந்த பக்கம் பார்த்தார் அல்தாப்.

அத்தாதான் அன்று அதிகம் சிரித்தார், அதிகம் இருமினார்.

*

எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக் கண்ணம்மாள் தூக்குப்போசியில் தேநீர் கொண்டுவந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும்.

“ஒரு வாய் குடி குல்ஷனு. வெறும் வயித்தோட எத்தன நேரம் குந்தியிருப்ப?”

அம்மா தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எம் பொண்ணு கண்ணாலத்துக்குப் பாயி ஒரு மெத்த தெச்சுக் குடுத்தாருல்ல, இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிச்சு அவுரல,” என்றாள் கண்ணம்மாள், அறையிலிருந்த பெண்களைப் பொதுவாகப் பார்த்து. “குடுக்கறப்ப என்ன சொன்னாருங்கறீங்க? ‘கண்ணம்மா, இதுல படுத்தா எந்திரிக்க மனசு வராது’ன்னாரு. நெசந்தான். எம் மருமவன் எந்திரிக்கறதே இல்ல.”

இரண்டு பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் தம்ளருக்குள் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்தாள்.

பின்கட்டில் போர்வைகளைக் கட்டி மறைப்பு உண்டாக்கினார்கள். அத்தாவைக் குளிப்பாட்ட ஆண்கள் உள்ளே போனார்கள். தௌபிக் மட்டும் வெளியே வந்து, கடையைத் திறந்து, ஒரு கைப்பிடிப் பஞ்சோடு ஓடினான். உள்ளேயிருந்து அல்தாப் சாச்சாவின் குரல் கேட்டது.

“டேய், இது எலவம்பஞ்சு. தண்ணியே குடிக்காது. மெத்தக் கடக்காரன் மவன்தானே நீ?”

“கைக்கு எட்டுனது எடுத்தாந்துட்டேன் சாச்சா.”

“பருத்தி எடுத்தாடா. மூக்குக்கும் காதுக்கும் வெக்கறது.”

தௌபிக் திரும்பக் கடைக்குப் போனான். அவன் வரத் தாமதமாயிற்று. சமரீன் படியின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பருத்தி மூட்டையின் வாயை அவிழ்த்து வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். எவ்வளவு எடுப்பது என்று தெரியாதவனைப்போல இருந்தான். நாளெல்லாம் பஞ்சை எடைபோட்டுத் தருகிற கை அது. பிறகு கொஞ்சம் எடுத்து, அதிலிருந்த விதைத் தூசியை ஒவ்வொன்றாகக் கிள்ளி நீக்கினான்.

*

அவளிடம் ஒரு செய்தி இருந்தது. நேற்று மாலை வந்தது. ‘எட்டாம் பூட்டு’ படத்தின் இயக்குநர் கலைவாணன் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. இன்று மாலை ஆறு மணிக்கு முழுப் படமும் திரையரங்குகளுக்குரிய வடிவத்துக்குப் போகிறது. பெயர்க்காட்சியில் மாற்றம் ஏதேனும் இருந்தால் அதற்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இருப்பதே போகும்.

இருப்பதே போகும் என்ற சொற்களை அவள் நான்கைந்து முறை படித்திருந்தாள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். அத்தாவின் மூச்சு வெள்ளிக்கிழமை முந்நூறு திரையரங்குகளில் ஒலிக்கும்.

அது நேர்ந்த விதம் எளிமையானது. ஜூலை மாதத்தில் டாக்டர், நோயாளி உறங்கும்போது மூச்சு எப்படிப் போய்வருகிறது என்று பதிவுசெய்து கொண்டுவரச் சொன்னார். ஊருக்கு வந்திருந்த சமரீன் நல்ல ஒலிவாங்கி ஒன்றைக் கட்டிலருகில் வைத்து நாற்பது நிமிடம் பதிவுசெய்தாள். டாக்டர் பத்து நொடி கேட்டுவிட்டு மருந்தை மாற்றினார். பதிவு அவளுடைய கணினியில் இருந்துவிட்டது.

படத்தின் இசையமைப்பாளர் அப்போது வேறு வேலையில் இருந்தார். இசை வரும்வரை பெயர்க்காட்சியை வெறும் காட்சியாகத் தொகுக்க முடியாது. எழுத்து எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பதைச் செவிதான் சொல்லும். அதனால் எல்லோரும் வேறெங்கிருந்தோ ஓர் ஒலியை எடுத்துத் தற்காலிகமாக அடியில் வைப்பார்கள். தொழிலில் அதற்கு ‘டெம்ப்’ என்று பெயர். சமரீன் பதினொரு ஒலிகளை வைத்துப் பார்த்தாள். நடுங்கும் வயலின், தலைகீழாக ஓடும் மணி, அடித்தொண்டையில் ஒரு கோரஸ். எல்லாமே பயப்படு என்று கட்டளையிட்டன. கட்டளைக்கு யாரும் பயப்படுவதில்லை. பன்னிரண்டாவதாக, ஓர் அரைமணி நேரத்துக்குத்தான் என்று, ஜூலை மாதத்துப் பதிவை வைத்தாள்.

கருந்திரை. மிக மெல்லிய வெள்ளை எழுத்துகள், ஒன்றுக்கொன்று அதிக இடைவெளிவிட்டு. ‘எட்டாம் பூட்டு’ என்பதில் மூன்று புள்ளிகள் உண்டு. எழுத்துகள் அனைத்தும் வந்த பிறகும் அந்த மூன்று புள்ளிகள் மட்டும் வராமல் நிற்கும்படி அவள் வடிவமைத்திருந்தாள். மூச்சு உள்ளே போகிறது. நிற்கிறது. முதல் புள்ளி. மூச்சு வெளியே வருகிறது. நிற்கிறது. இரண்டாவது. மூன்றாவது முறை நிற்கும் மூச்சு எதிர்பார்த்ததைவிட நீண்டு நிற்கும். பார்ப்பவர் தம் மூச்சையும் நிறுத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் உணர்வார். புள்ளி விழும்.

கலைவாணன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அதன் பிறகு இசையமைப்பாளர் தந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று முறை முயன்ற இசையமைப்பாளர், தன் செல்லோ வாத்தியத்தை, பதிவில் கேட்ட ஆக்சிஜன் மிஷினின் முனகல் இருந்த சுருதிக்கே இறக்கி, மூச்சின் அடியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எங்கே கிடைத்த ஒலி என்று கேட்டவர்களிடம் சமரீன், “சொந்தப் பதிவு,” என்றாள். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அதிலிருந்த கோளாறு.

அத்தாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் நான்கு நாள் முன்பு ஊருக்கு வந்தாள். நேற்று முன்தினம் அவரே கேட்டார். மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார், மூக்கில் குழாய்.

“புதுப் படத்துக்குப் பேர் போட்டுட்டியாம்மா?”

“போட்டுட்டேன் அத்தா.”

“காட்டேன், பாப்போம்.”

அவள் கணினியைத் திறந்து, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு ஓடவிட்டாள். “ஸ்பீக்கர் வேல செய்யல அத்தா,” என்றாள். பெயர்கள் ஓசையில்லாமல் வந்து போயின. எழுத்துகள் வந்தன. புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நீக்கிய ஒலி அறையில்தான் இருந்தது. அவருடைய மார்பிலிருந்து, காட்சிக்குச் சற்றுப் பிந்தி, வந்துகொண்டிருந்தது. அதை அவர் கேட்கவில்லை. தன் மூச்சை யாரும் கேட்பதில்லை.

கடைசிப் புள்ளி விழுந்ததும் தஸ்தகீர் கொஞ்சம் யோசித்தார். மகளின் மனம் கோணாமல் சொல்ல வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது.

“எழுத்து சுத்தமா இருக்குது. தையல் மாதிரி ஒரே அளவா இருக்குது. ஆனா பயமே வல்லியேம்மா.”

“சத்தம் இருந்தா வரும் அத்தா.”

“அப்ப ஸ்பீக்கர ரிப்பேர் பண்ணிட்டுக் காட்டு,” என்றார்.

*

பத்து மணிக்குக் கலைவாணன் அழைத்தார். காலையில் அவள் அனுப்பிய ஒரு வரிச் செய்தியை அப்போதுதான் பார்த்திருந்தார்.

“என்னம்மா இது. எப்போ?”

“காலைல ஆறு மணிக்குங்க சார்.”

“நீ எதையும் யோசிக்காத. ஃபைல் எதுவும் அனுப்ப வேணாம். இருக்கறதே பிரமாதமா இருக்கு. நேத்து தியேட்டர்ல போட்டுப் பார்த்தோம். அந்த மூச்சு வருதுல்ல, எவனும் பாப்கார்ன் கவர்ல கைய விடல. கல்லு மாதிரி உக்காந்துட்டானுங்க. நீ வூட்டப் பாரு.”

“சரிங்க சார்.”

“அம்மாவப் பாத்துக்கம்மா,” என்றார். நல்ல மனிதர்.

பின்கட்டிலிருந்து அத்தாவை நடுஅறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வெள்ளைத் துணிகள், கற்பூர வாசனை. துணியில் எங்கும் தையல் இல்லை. முகம் மட்டும் தெரிந்தது. மூக்கிலும் காதிலும் தூசி நீக்கிய பருத்தி. பெண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு விலகினார்கள். அம்மா பார்க்கும்போது மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். நெற்றியில் படிந்திருந்த ஓர் ஈர முடியை ஒதுக்கினாள். பிறகு அவருடைய மார்பை உற்றுப் பார்த்தபடி இருந்தாள். வெகுநேரம் இருந்தாள். அல்தாப் சாச்சா வாயிலில் நின்று தொண்டையைக் கனைக்கும்வரை அவள் எதற்கோ காத்திருப்பது போலவே தெரிந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். மாடிப்படி குறுகல், திருப்பத்தில் அதன் ஒரு கால் சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. “மெதுவா, மெதுவா, மெத்த எறக்கற மாதிரி எறக்குங்கடா,” என்றார் அல்தாப், தம்மை அறியாமல். அந்தப் படியில் ஆயிரம் மெத்தைகள் இறங்கியிருக்கும். வாசலில் செருப்புகளின் ஓசை கலந்து, ஒன்றாகி, பள்ளிவாசல் திசையில் தேய்ந்தது.

அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டில் யாசீன் ஓதும் முணுமுணுப்பு மட்டும் எஞ்சியது.

*

ஆண்கள் திரும்பியபோது மணி மூன்று. மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பாறை என்றும், அதனால்தான் தாமதம் என்றும் அல்தாப் சொன்னார். தௌபிக்கின் முழங்கைவரை செம்மண் இருந்தது. அவர்களோடு ஓர் ஆம்னி வண்டியும் வந்து நின்றது. தருமபுரியில் வாடகைக்கு மிஷின் தந்தவர் அனுப்பிய ஆள்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா,” என்றார் அவர், செருப்பைக் கழற்றிவிட்டு. “இன்னிக்கே வந்தது எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது. மாரண்டஹள்ளில ஒரு கேசு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்குதாம். கைவசம் வேற மிஷின் இல்ல.”

“எடுத்துக்கிட்டுப் போங்க. சும்மா நிக்கறதுக்கு அவங்களுக்காச்சும் ஆவட்டும்,” என்றான் தௌபிக்.

சக்கரங்கள் அறையின் தரையில் உருண்டன. படியில் இருவர் தூக்கினார்கள். அம்மா அடுத்த அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். இனி நான்கு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவளுக்குரிய இத்தா. வெளியே எங்கும் போக மாட்டாள்.

உறவினர்கள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். தௌபிக் கீழே கடையின் மூடிய கதவுக்கு உட்புறம், புது மெத்தை ஒன்றின் மேல் செம்மண்ணோடு படுத்து உறங்கிவிட்டான். சமரீன் அறையின் மூலையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கணினியைத் திறந்தாள். நாலரை மணி ஆகியிருந்தது.

அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தன் பக்கத்தில்தான், அத்தாவின் பக்கத்தில் அல்ல. தலைமாட்டைப் பார்த்தாள். தரையில் சக்கரங்கள் நின்ற இடத்தில் நான்கு சிறு தடங்கள் இருந்தன.

“மிசினு எங்க?”

“எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. மாரண்டஹள்ளில யாருக்கோ வேணுமாம்.”

“ஓ,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வேணும்னா குடுக்கத்தான வேணும்,” என்றாள். படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திரும்பவும் திறந்தாள்.

“படும்மா. ராத்திரி பூரா நீ தூங்கல.”

“தூக்கம் வல்ல. காது அடைச்சாப்புல இருக்குது.” அவள் மகளின் காதிலிருந்ததைப் பார்த்தாள். “நீ என்ன கேக்கற?”

பொய் சொல்வதற்குத் தேவையான நேரம் இருந்தது. சமரீன் அதைப் பயன்படுத்தவில்லை.

“அத்தாவோட மூச்சும்மா. டாக்டருக்காகப் பதிவு பண்ணுனோமே, அது.”

அம்மா கையை நீட்டினாள். சமரீன் காதொலிப்பானின் கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்கினாள். திரையில் இருந்தது பெயர்க்காட்சி. அதைத்தான் ஓடவிட்டாள், ஒலியைக் குறைக்கவில்லை.

செல்லோ தொடங்கியது. அது மிஷினின் சுருதி என்பதால் அம்மாவின் தோள்கள் உடனே இறங்கின. மூச்சு வந்தது. திரையில் பெயர்கள் தோன்றின; அம்மா திரையைப் பார்க்கவில்லை, கண்களை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே. நின்றது. முதல் புள்ளி. வெளியே. நின்றது. இரண்டாவது. மூன்றாவது முறை மூச்சு நின்றபோது அம்மாவின் வலது கை கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தது.

“இப்ப இருமுவாரு,” என்றாள்.

புள்ளி விழுந்தது. திரை இருண்டது. காட்சி முடிந்தது.

அம்மா கண்களைத் திறந்தாள். “எங்க இருமல்?”

“எடுத்துட்டேம்மா.”

“ஏன் எடுத்த?”

“இது படத்துக்காகத் தொகுத்தது. நான்தான் வெச்சேன், அத்தாகிட்டச் சொல்லாம. ஜனங்க பயப்படறதுக்கு. அங்க இருமிட்டா... இருமிட்டா பயம் போயிடும்மா.”

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அம்மா இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதைச் சரிபார்ப்பவள்போல மெல்லத் தலையசைத்தாள்.

“ஆமா,” என்றாள். “எனக்கும் அப்பிடித்தான். நின்னு நின்னு வரும். நின்னா நான் எண்ணுவேன். இருமுனாத்தான் எனக்கு உசிரு வரும். தண்ணியக் குடுத்துட்டு அப்புறம் படுப்பேன்.” பிறகு, “எட்டு மாசமா,” என்றாள்.

காட்சியின் அந்த இடத்தில் எத்தனை ஃபிரேம்கள் என்பது சமரீனுக்குத் தெரியும். நான்கு நொடியும் ஆறு ஃபிரேம்களும். திரையரங்கில் ஒரே ஒரு முறை நிகழ்வதற்காக அவள் ஒரு வாரம் சீர்செய்த நீளம்.

“முழுசா இருக்குதா?” என்றாள் அம்மா.

“இருக்கு. நாப்பது நிமிஷம்.”

“இருமலோடயா?”

“இருமலோட.”

“அதப் போடு.”

ஜூலை மாதத்துப் பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அத்தாவின் தலையணையின் மேல் வைத்தாள். அம்மா தன் பக்கத்தில் சாய்ந்து படுத்தாள். முதல் இருமலுக்கு அவள் உதடு அசைந்தது. இரண்டாவதற்கு அசையவில்லை. மூன்றாவது வருவதற்குள் உறங்கிவிட்டாள்.

*

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குச் சமரீன் மூச்சு இருந்த அடுக்கைத் தெரிவுசெய்து நீக்கினாள். தனித்தனி அடுக்குகளாக இருந்ததால் மற்றவை குலையவில்லை. செல்லோ மட்டும் எஞ்சியது. புள்ளிகள் விழும் இடங்களைச் செல்லோவின் வில் திரும்பும் இடங்களுக்கு நகர்த்தினாள். மூன்றாவது புள்ளிக்குமுன் முழு அமைதி வைத்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது. தையலைப்போல ஒரே அளவாக இருந்தது. காதொலிப்பானில் மூன்று முறை கேட்டாள். பிழை எதுவும் இல்லை. பயமும் இல்லை. ஐந்து நாற்பதுக்கு அனுப்பினாள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது. அம்மாவின் உறக்கம் கலையாமலிருக்க வாயிற்படிவரை போய்ப் பேசினாள்.

“ஃபைல் வந்துச்சும்மா. இன்னிக்குப் போயி ஏன் உக்காந்த? நல்லாத்தான் இருக்கு. ஆனா...” கலைவாணன் சொற்களைத் தேடினார். “என்னமோ கொறையுதேம்மா. அந்த மூச்சு எங்க?”

“அது டெம்ப்தாங்க சார்.”

மறுமுனையில் செல்லோ இன்னொரு முறை ஓடி நின்றது.

“இதையே போட்டுடலாம்ங்கறியா?”

“இதையே போட்டுடுங்க சார்.”

“சரிம்மா,” என்று அவர் வைத்துவிட்டார். சமரீன் திரும்பி வந்தாள். அறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலின் வெளிச்சம் கட்டிலின் பாதிவரை இருந்தது. பதிவு இரண்டாம் முறையாக ஓடிக்கொண்டிருந்தது. தலையணையின் மேல் மூச்சு உள்ளே போனது, நின்றது, நின்றபடியே இருந்தது. அத்தா இருமினார்.

உறக்கத்திலேயே அம்மாவின் கை கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் சொம்பைத் தேடியது. காலையில் கூட்டத்துக்கு இடம் ஒதுக்கியபோது யாரோ அதைச் சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். சமரீன் குனிந்து, ஓசை எழாதபடி, அதை அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.